மணிமாலைக்கு எந்தச் சரடு? பட்டு, தங்கூஸ், கியர் வயர், கம்பி – நேருக்கு நேர்

வீட்டில் மணிமாலை கோர்க்க உட்காருகிறவர்கள் மணியைப் பொறுக்குவதற்கு அரை நாள் செலவழிக்கிறார்கள். நூலை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் மாலை அறுந்து மணிகள் கட்டிலடியில் உருளும்போது கெட்ட பெயர் வாங்குவது மணிதான். கோளாறு பெரும்பாலும் சரட்டில் இருக்கும். மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் தோண்டியெடுத்த கண்ணாடி மணிகளையும் சூதுபவள மணிகளையும் அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் மணி மணியாகவே இருக்கிறது. அதைக் கோர்த்திருந்த சரடுதான் மக்கிப் போயிற்று.

கடைகளில் இன்றைக்குக் கிடைப்பவற்றில் வீட்டு வேலைக்கு உதவுபவை நான்கு: முடிச்சிட்டுக் கோர்க்கும் பட்டு நூல், தங்கூஸ் என்று சொல்லும் நைலான் நரம்பு, எஃகு இழைகளை முறுக்கிய கியர் வயர், ஒவ்வொரு மணியையும் கண்ணியாக்கிக் கோர்க்கும் கம்பி. எலாஸ்டிக்கையும் சிலர் கேட்பார்கள். அது கைவளைக்குத்தான், கழுத்துக்கு வேண்டாம். மணியின் எடையில் அது நாளுக்கு நாள் நீண்டு, மாலை நெஞ்சுக்குழியைத் தாண்டித் தொங்கும். வியர்வையும் வெயிலும் பட்ட ரப்பர் ஒரு வருடத்துக்குள் வெடித்தும் போகும்.

முதலில் மணியைப் பாருங்கள்

சரட்டைத் தீர்மானிப்பது மூன்று விஷயம்: துளையின் விளிம்பு, மாலையின் மொத்த எடை, போட்டுக்கொள்பவரின் வியர்வை.

துளை விளிம்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரணத் தையல் நூல் ஒன்றை மணிக்குள் விட்டு, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நூல் விளிம்பில் அழுந்தும்படி இருபது தடவை முன்னும் பின்னும் இழுங்கள். நூலில் பஞ்சு கிளம்பினாலோ இழை பிரிந்தாலோ விளிம்பு கூர்மை. பட்டை தீட்டிய கண்ணாடி மணி, கருகமணி, மலிவான படிக மணி, மணியின் வாயில் கவிழ்த்து வைக்கும் பித்தளைத் தொப்பி மணி இவற்றில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் தோற்கும். முத்து, துளசி மணி, ருத்ராட்சம், பிளாஸ்டிக் மணி இவை பெரும்பாலும் தேறிவிடும். ஒரு சரத்தில் நாலைந்து மணியை எடுத்துச் சோதியுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், ஏனென்றால் ஒரே சரத்திலேயே நல்ல துளையும் உடைந்த துளையும் கலந்து வரும். தோற்ற மணி விலை உயர்ந்ததாக இருந்தால் வைர முனை வைத்த ஊசி அரத்தால் விளிம்பை லேசாகச் சுற்றித் தேய்க்கலாம். மணியையும் அரத்தையும் தண்ணீருக்குள் வைத்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்த கண்ணாடியைத் தேய்த்தால் சில்லு பெயரும், தூசியும் மூச்சுக்குள் போகும்.

எடைக்கு ஒரு கணக்கு. 8 மி.மீ. உருண்டைக் கண்ணாடி மணி ஒன்று ஏறக்குறைய 0.65 கிராம். 16 அங்குல மாலைக்கு இடைவெளியில்லாமல் 51 மணி பிடிக்கும், ஆக 33 கிராம். அதே அளவு பிளாஸ்டிக் மணி என்றால் இதில் பாதிக்கும் குறைவு. 6 மி.மீ. மணி என்றால் 68 பிடிக்கும், 4 மி.மீ. என்றால் 102. இந்த எண்களைக் கடைக்குப் போகும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்ததையும் துளை அடைத்ததையும் கழிக்க நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்க வேண்டும். பிறகு போய்க் கேட்டால் அதே நிறத்தில் கிடைக்காது. ஒவ்வொரு சரக்குக்கும் சாயம் கொஞ்சம் மாறும்.

வியர்வையைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் கழுத்தை ஒட்டி எது கிடந்தாலும் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். வியர்வையின் உப்பு பட்டு இழையைத் தளர்த்தும், செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும், மட்டமான இரும்பைத் துருவேற்றும். குளிர் ஊர்களில் பத்து வருடம் உழைத்ததாகச் சொல்லும் சரடு இங்கே அவ்வளவு உழைக்காது.

பட்டு நூல்: முத்துக்கும் பவளத்துக்கும் இதுதான்

முத்து மென்மையானது, பவளமும் அப்படியே. இரண்டையும் ஒன்றோடொன்று உரச விட்டால் துளையைச் சுற்றியுள்ள மினுமினுப்பு உரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சு வேண்டும். முடிச்சுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சரடு அறுந்தால் உதிர்வது ஒரு மணி, மீதி எல்லாம் அங்கேயே நிற்கும். கழுத்தில் விழும் வாகிலும் பட்டை மற்ற எதுவும் நெருங்க முடியாது. மல்லிகைச் சரம் கழுத்தில் எப்படிக் குழைந்து விழுமோ அப்படி விழும்.

ஆனால் 'பட்டு நூல்' என்று கேட்டு வாங்குவது பட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். வளையல் சுற்றவும் ஜிமிக்கி செய்யவும் கண்டு கண்டாக விற்கும் பளபள நூல் பெரும்பாலும் செயற்கை இழை. அதில் ரேயான் வகை நனைந்தால் பலத்தில் பாதியை இழந்துவிடும். வியர்வைக்கு முன்னால் அது நிற்காது. ஓர் அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரியும் வாடை என்றால் ரேயான். உருகிச் சின்ன உருண்டையாக இறுகினால் பாலியெஸ்டர். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு செயற்கை இழையில் முத்துக் கோர்ப்பது மனசுக்கு ஒப்பவில்லை. முறுக்கேறிய நல்ல பட்டு இழையை நெசவு நூல் விற்கும் இடங்களில் விசாரித்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் ஊசியோடு 2 மீட்டர் அட்டையில் சுற்றி விற்பதை வாங்கலாம். அதில் எண் போட்டிருக்கும்: 2 என்றால் 0.45 மி.மீ., 4 என்றால் 0.60, 6 என்றால் 0.70. முத்தின் துளை பெரும்பாலும் 0.7 மி.மீ. அளவில் இருக்கும், அதற்கு 4ஆம் எண் சரியாக உட்காரும். நூல் துளையை நிறைக்க வேண்டும். ஆனால் ஊசி போகும்போது மணியை முறுக்கித் தள்ள வேண்டியிருந்தால் அது அதிகம்.

கோர்ப்பதற்கு முந்தின இரவே நூலை விரித்து, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் 100 கிராம் அளவுக்கு ஏதாவது தொங்கவிடுங்கள். பட்டு முதலிலேயே நீண்டுவிடும். இதைச் செய்யாமல் கோர்த்தால் மாலை போட்டுப் பத்து நாளில் முடிச்சுக்கும் மணிக்கும் நடுவில் சரடு தெரியும்.

முடிச்சுதான் இந்த வேலையின் உயிர். மணியைக் கோர்த்து, முந்தின முடிச்சோடு ஒட்டத் தள்ளுங்கள். நூலை இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சுற்றி ஒரு வளையமாக்கி, முழு மாலையையும் அந்த வளையத்துக்குள் விடுங்கள். வளையம் இறுகுவதற்கு முன் அதற்குள் ஒரு தடித்த ஊசியைச் செருகி, ஊசியாலேயே முடிச்சை மணியின் வாய்வரை நகர்த்துங்கள். இப்போது கட்டை விரல் நகத்தால் முடிச்சை மணியோடு அழுத்திக்கொண்டு, ஊசியை உருவும் அதே நொடியில் நூலை இழுக்க வேண்டும். ஊசியை முதலில் உருவிவிட்டு அப்புறம் இழுத்தால் முடிச்சு மணியிலிருந்து அரை மி.மீ. தள்ளி இறுகிவிடும். பட்டில் இறுகிய முடிச்சை அவிழ்க்க முயன்றால் இழை பிய்யும். முதல் மாலையில் பத்து முடிச்சாவது இப்படித் தள்ளிப் போகும், அதனால் விலை குறைந்த மணியில் ஒரு தடவை பழகிவிட்டு முத்துக்கு வாருங்கள். முடிச்சு துளைக்குள்ளேயே புகுந்துவிட்டால் நூல் மெல்லிசு. ஒரு எண் ஏறுங்கள், அல்லது நூலை இரட்டையாக்குங்கள்.

முடிச்சு நீளத்தைக் கூட்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 4ஆம் எண் நூலில் முடிச்சுக்கு 0.8 மி.மீ. என்று வையுங்கள். 46 மணி 368 மி.மீ., 45 முடிச்சு 36 மி.மீ., ஆகக் கூடி 404. அதாவது 16 அங்குலத்துக்கு 51 வேண்டாம், 46 மணி போதும். கொக்கியின் நீளத்தையும் இதில் கழிக்க வேண்டும். நூல் எவ்வளவு வேண்டும் என்றால், ஒற்றை நூலுக்கு மாலை நீளத்தைப் போல மூன்று மடங்கு, இரட்டைக்கு ஆறு மடங்கு. குறைத்து வெட்டினால் நாற்பதாவது மணியில் நூல் தீர்ந்துபோய் மொத்தத்தையும் பிரிக்க வேண்டிவரும்.

கொக்கியோடு சேருமிடம்தான் முதலில் தேயும். உலோக வளையம் பட்டை அறுக்காமல் இருக்க நடுவில் மெல்லிய சுருள் கம்பி உறை வேண்டும். இதைத் தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆரி வேலைக்கு விற்கும் ஜர்தோசிச் சுருளில் மெல்லியதாக ஒன்று எடுத்து 6 மி.மீ. வெட்டினால் அதேதான். முதல் மூன்று மணியைக் கோர்த்து, பிறகு சுருள், பிறகு கொக்கியின் வளையம். நூலைத் திருப்பிக் கொக்கியை ஒட்டிய மணிக்குள் விட்டு முடிச்சு, அடுத்த மணிக்குள் விட்டு முடிச்சு, மூன்றாவது மணிக்குள்ளும் விட்டு, அப்புறம் வெட்டு. இங்கே துளைக்குள் இரண்டு தடவை நூல் போவதால் இந்த மூன்று மணிகளுக்குத் துளை பெரிதாக இருப்பவற்றைப் பொறுக்கி வையுங்கள்.

முடிச்சின் மேல் சொட்டு உடனடிப் பசை விடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது நூலுக்குள் ஊறி ஒரு சென்டிமீட்டர் தூரத்தைக் குச்சி மாதிரி விறைக்க வைக்கும். விறைத்த இடமும் மெத்தென்ற இடமும் சேரும் கோட்டில்தான் பட்டு ஒடியும். பசை வேண்டுமென்றால் நிறமில்லாத நகப்பூச்சை ஊசி முனையால் தொட்டு வைத்தால் போதும்.

பட்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அழுக்குப் பிடிக்கும், வெள்ளை நூல் மாநிறமாகும். வாரம் இரண்டு மூன்று நாள் போடும் மாலையை நம் வெயிலுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை பிரித்துக் கோர்க்க வேண்டும். கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து, படுக்க வைத்து உலர்த்துங்கள். ஆணியில் தொங்கவிட்டால் நூல் நீளும். கூரான துளையுள்ள கண்ணாடி மணிக்குப் பட்டு கூடவே கூடாது.

தங்கூஸ்: கண்ணுக்குத் தெரியாது, நம்பவும் முடியாது

தூண்டில் கடையில் கிடைக்கும், ஊசி வேண்டாம், நிறமில்லை, விலையும் கொஞ்சம். வீட்டில் முதல் மாலை கோர்ப்பவர்களில் பாதிப் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள். 0.30 முதல் 0.40 மி.மீ. வரை எடுத்தால் பெரும்பாலான மணிக்குள் போகும்.

சிக்கல் நான்கு. சுருளில் சுற்றியிருந்த வளைவு போகாது. லேசான மணி கோர்த்தால் மாலை கழுத்தில் படியாமல் துள்ளிக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிடம் வெந்நீரில் போட்டு, நீட்டிக் கட்டி ஆறவிட்டால் பாதி சரியாகும். இரண்டாவது, முடிச்சு வழுக்கும். சாதாரண இரட்டை முடிச்சு ஒரு வாரத்தில் தானாக அவிழும். முதல் சுற்றில் இரண்டு தடவை முறுக்கி, மேலே எதிர்ப்பக்கமாக இன்னும் இரண்டு தடவை முறுக்கி, எச்சில் அல்லது தண்ணீர் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் அந்த இடத்திலேயே பலவீனமாகும். வால் 3 செ.மீ. விட்டு மூன்று மணிக்குள் திருப்பிச் செருகுங்கள். ஊதுபத்தியால் முனையை உருக்கிக் குமிழ் வைப்பவர்கள் உண்டு. முடிச்சுக்கு வெகு அருகில் சூடு காட்டினால் முடிச்சே மொறுமொறுவென்று ஆகிவிடும், அதற்கு வாலைத் திருப்பிச் செருகுவதே மேல்.

மூன்றாவது, எடை தாங்கும், ஆனால் நீளும். 33 கிராம் கண்ணாடி மாலை சில வாரத்தில் கால் அங்குலம் இடைவெளி காட்டும். நான்காவது, வெயில். ஜன்னலோரம் ஒரு கோடை முழுக்கத் தொங்கிய தங்கூஸை வளைத்துப் பாருங்கள், பட்டென்று முறியும்.

ஆகவே, பிளாஸ்டிக் மணி, பள்ளி நாடகத்துக்கு ஒரு நாள் மாலை, பூப்பூவாகப் பின்னும் சிறுமணி வேலை, இவற்றோடு தங்கூஸை நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னல் வேலையில் அதன் விறைப்பு உதவியாகவே இருக்கும், வடிவம் குலையாது. 2 மி.மீ. சிறுமணியை நீடித்து உழைக்கும்படி பின்ன வேண்டுமென்றால் ஒற்றை நரம்பை விட்டு, பல இழை சேர்த்துப் பின்னிய தூண்டில் நூலை வாங்குங்கள். அது நீளாது, தண்ணீரும் குடிக்காது. மொன்னைக் கத்தரியில் வெட்டினால் முனை பிசிறடித்து ஊசிக்குள் போகாது, அது ஒன்றுதான் தொல்லை.

கியர் வயர்: கண்ணாடி மணிக்கு முதல் இடம்

மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி, மேலே நைலான் பூசியது கியர் வயர். எத்தனை இழை என்பதில்தான் தரம் இருக்கிறது. 7 இழை மலிவு, விறைப்பு, ஒரு தடவை மடங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது. 19 இழை நன்றாக வளையும். 49 இழை நூல் மாதிரியே விழும், விலையும் அதற்கேற்ப. வீட்டு வேலைக்கு 19 போதும். கடையில் சுருளைக் கையில் வாங்கி, இரண்டு அங்குலத்தை விரலில் சுற்றி விட்டுப் பாருங்கள். நேராகத் திரும்பினால் எடுக்கலாம், கோணல் நின்றால் 7 இழை. தங்க நிறப் பூச்சு சில மாதத்தில் உரிந்து கீழே வெள்ளை தெரியும். வெள்ளி நிறமே வாங்குங்கள், துளைக்குள் இருப்பது யார் கண்ணிலும் படப்போவதில்லை.

4 முதல் 6 மி.மீ. மணிக்கு 0.38 மி.மீ. வயர், 8 மி.மீ.க்கும் அதற்கு மேலும் 0.45. நீளம், மாலை நீளத்தோடு 15 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். கத்தரி எடுக்க வேண்டாம். எஃகு கத்தரியின் வாயைக் கெடுக்கும், வயரும் பிரியும். கட்டிங் பிளேயர்தான் சரி.

இதில் முடிச்சு கிடையாது, கியர் லாக் என்னும் சின்னஞ்சிறு குழாயை நசுக்கிப் பூட்டுவதுதான். மாலையின் முழு ஆயுளும் அந்த 2 மி.மீ. குழாயில் இருப்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. வயரில் லாக்கைக் கோர்த்து, கொக்கியின் வளையத்துக்குள் விட்டு, திரும்ப அதே லாக்குக்குள் விட்டு, வாலை இரண்டு மூன்று மணிக்குள் செருகுங்கள். லாக்குக்குள் இரண்டு வயரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்க நசுக்கினால் மேல் வயர் கீழ் வயரை வெட்டும். பல்லில்லாத தட்டை மூக்குக் குறட்டால் நிதானமாக ஒரே அழுத்து. பல் வைத்த குறடு லாக்கைக் கடித்துக் குதறும். அழுத்தியது போதவில்லையோ என்று மறுபடி மறுபடி நசுக்கினால் லாக்கின் ஓரம் கத்தியாக மாறி வயரையே நறுக்கும். வயர் அறுந்த மாலைகளை எடுத்துப் பார்த்தால் அறுந்த இடம் பெரும்பாலும் லாக்கை ஒட்டியேதான் இருக்கும்.

பூட்டியாயிற்றா, சோதியுங்கள். அரைக் கிலோ உப்புப் பொட்டலத்தை ஒரு பையில் போட்டு, மாலையை மறுமுனையில் பிடித்து ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். லாக் நழுவுவதாக இருந்தால் அப்போதே நழுவும், கல்யாண மண்டபத்தில் நழுவாது.

பிறகு தளர்ச்சி. இரண்டாவது முனையைப் பூட்டும்போது கை தானாக இழுத்து இறுக்கும். அதுதான் கியர் வயரில் நடக்கும் முதல் தப்பு. நெருக்கமாக இறுக்கிய மாலை மேசையில் குச்சிபோல் நிற்கும். கழுத்தில் வளையும்போது மணிகள் ஒன்றையொன்று தள்ளி, அந்த விசை முழுவதும் லாக்கில் போய் நிற்கும். பூட்டும் முன் மாலையைக் கழுத்து வளைவுக்கு அரைவட்டமாக வளைத்து வையுங்கள். அப்படி வளைத்த நிலையில் 2 முதல் 3 மி.மீ. வயர் வெறுமையாகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் விட்டால் இடைவெளி கண்ணை உறுத்தும்.

கூரான துளை கியர் வயரின் நைலானைச் சீவும், ஆனால் உள்ளே எஃகு நிற்கிறது. ஆகவே அறுபடுவதற்கு முன்னால் எச்சரிக்கை கிடைக்கும்: கழுத்துப்பட்டியில் கருப்புக் கறை தெரிய ஆரம்பித்தால் பூச்சு போயிற்று, வியர்வை எஃகைத் தொடுகிறது என்று அர்த்தம். உடனே மாற்றிவிடுங்கள்.

முத்துக்குக் கியர் வயர் போடலாமா என்று கேட்கிறார்கள். 0.30 மி.மீ. வயர் உள்ளே போகும்தான். போட வேண்டாம். முடிச்சில்லாததால் முத்து முத்தோடு உரசும், துளையின் உள்சுவரையும் வயர் அராவும். வாகும் வராது.

கம்பிக் கண்ணி: கொஞ்ச மணியில் முழு மாலை

ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு துண்டுக் கம்பி, இரு பக்கமும் வளையம், வளையத்தோடு வளையம். பொன்வேலையில் காலங்காலமாக உள்ள முறை. மதுரைத் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைக் கண்ணாடிக்குள் பவளச் சங்கிலியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. வீட்டில் 0.6 முதல் 0.7 மி.மீ. பித்தளைக் கம்பியிலோ, ஒரு முனையில் வளையத்தோடு வரும் ரெடிமேட் ஐ பின்னிலோ செய்யலாம்.

மணிச் செலவு இதில் குறையும். 8 மி.மீ. மணி வளையங்களோடு சேர்ந்து ஏறக்குறைய 13 மி.மீ. இடம் அடைக்கும். 16 அங்குலத்துக்கு முப்பத்தொரு மணி போதும். விலையுயர்ந்த கல் மணி கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் இந்த வழியே வழி. அறுந்தாலும் ஒரு கண்ணியை மட்டும் மாற்றலாம். துளை எவ்வளவு கூராக இருந்தாலும் கவலையில்லை.

3 மி.மீ. வளையத்துக்கு மணிக்கு வெளியே 10 மி.மீ. கம்பி விட வேண்டும். மணியை ஒட்டிச் செங்குத்தாக மடக்கி, உருண்டை மூக்குக் குறட்டில் எப்போதும் ஒரே இடத்தில் வைத்துச் சுற்றுங்கள். குறட்டின் மூக்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எல்லா வளையமும் ஒரே அளவில் வரும். வளையத்தைத் திறக்கும்போது பக்கவாட்டில் திருப்ப வேண்டும். வெளிப்பக்கமாக விரித்தால் வட்டம் போய்விடும், மூடினாலும் இடுக்கு நிற்கும். அந்த இடுக்கில்தான் அடுத்த கண்ணி நழுவும். கனமான மணிக்குக் கம்பியின் முனையை வளையத்துக்கும் மணிக்கும் நடுவில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும் முறை நல்லது. அதற்குப் பக்கத்துக்கு 35 மி.மீ. கம்பி வேண்டும், பிறகு திறக்கவும் முடியாது, கோர்க்கும்போதே அடுத்த கண்ணியைச் சேர்த்துவிட வேண்டும்.

குறைகளில் முதலாவது நேரம். கியர் வயர் மாலை முக்கால் மணி நேரத்தில் முடியும், இது பழகிய கைக்கும் மூன்று மணி நேரம். இரண்டாவது, வெட்டிய முனை சேலையைப் பிடித்து இழுக்கும். பட்டுச் சேலையின் சரிகையிலோ சுங்குடியின் மெல்லிய நூலிலோ ஒரு முனை மாட்டினால் இழை ஓடிவிடும். ஒவ்வொரு முனையையும் மெல்லிய அரத்தால் தேய்த்து, பிறகு ஒரு பழைய சேலைத் துண்டின் மேல் மாலையை இழுத்துப் பாருங்கள். மூன்றாவது, பச்சை. பூச்சில்லாத செம்பும் பித்தளையும் நம் வியர்வையில் கழுத்தில் கோடு போடும். போட்டுக் கழற்றியதும் துடைத்து, காற்றுப் புகாத சிறு பையில் வைத்தால் தள்ளிப்போகும், தீராது.

இன்ன மணிக்கு இன்ன சரடு

கருகமணி தினம் கழுத்தில் கிடப்பது, குளிக்கும்போதும் கழற்றாதது, துளை விளிம்போ கண்ணாடிக் கூர்மை. பட்டும் பருத்தியும் இதற்கு ஆகாது. தங்கூஸ் அறவே வேண்டாம். 19 இழைக் கியர் வயர் மெல்லியதாகப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லாக்கைப் பார்த்து, ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றிக் கோர்ப்பது சரி. கையில் வசதி இருந்தால் பொன்கம்பிக் கண்ணிக்குப் போவதே நிலையானது.

துளசிக்கும் ருத்ராட்சத்துக்கும் எஃகு தேவையில்லை. மெழுகேற்றிய பருத்திக் கயிறு அவற்றின் துளையில் நன்றாக நிறைந்து நிற்கும், நனைந்தால் உலரவிட வேண்டும். சுடுமண் மணி வேறு கதை. மானாமதுரைக் களிமண்ணில் வீட்டிலேயே மணி உருட்டிச் சுடுகிறவர்கள் ஈரத்தில் துளை போடும்போதே 2 மி.மீ. போட்டுவிடுங்கள், சுட்டபின் துளையின் வாய் சொரசொரப்பாகிவிடும். அது கியர் வயரின் பூச்சை ஒரே மாதத்தில் சுரண்டும். 1 மி.மீ. மெழுகுப் பருத்திக் கயிறோ பின்னல் பட்டுக் கயிறோ போட்டு, மணிக்கு இரு பக்கமும் முடிச்சு வையுங்கள்.

முத்தும் பித்தளைத் தொப்பியும் கலந்து கோர்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தொப்பியின் ஓரம் பட்டை அறுக்கும். தொப்பிக்கும் முடிச்சுக்கும் நடுவில் 2 மி.மீ. சிறுமணி ஒன்று வைத்தால் முடிச்சு அந்தச் சிறுமணியில் உட்காரும், ஓரத்தில் உரசாது.

குழந்தை மாலைக்கு மட்டும் கணக்கு தலைகீழ். கியர் வயர் எளிதில் அறாது என்பதுதான் அங்கே ஆபத்து. விளையாடும்போது எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். பெரிய பிள்ளைகளுக்கு, இழுத்தால் விட்டுவிடும் கொக்கியோ மெல்லிய நூலோ போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே மணிமாலையே வேண்டாம், உதிர்ந்த மணி வாய்க்குள்தான் போகும்.

மதுரையில் புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு மணி தேடி வருகிறவர்கள் அங்கேயும் விளக்குத்தூண் பக்கத்து ஃபேன்சிக் கடைகளிலும் சுற்றுகிறார்கள். போகும்போது கையில் தையல் நூல் கொஞ்சமும் உங்கள் கியர் வயரில் ஒரு துண்டும் எடுத்துப் போங்கள். வாங்கும் முன் சரத்திலிருந்து நாலு மணியில் நூலை இழுத்துப் பார்த்து, வயரை இரண்டாக மடித்துத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். இரட்டை வயர் போகாத மணியைக் கொக்கிப் பக்கத்தில் வைக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு இது தெரிந்தால் ஒரு சரம் வீண்.